மவுசாகலைக் கரையில் ஒரு சோடாப் போத்தல்

மஸ்கெலியா என்றதும் எம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சிவனொளிபாதமலைதான். டிசம்பர் மாதப் பௌர்ணமி தொடக்கம் மே மாத வெசாக் பௌர்ணமி வரையிலான யாத்திரைக் காலத்தில், ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக வரும் பஸ்கள் எல்லாம் நிரம்பி வழிகின்றன. மஸ்கெலியாவைத் தாண்டி நல்லதண்ணி நோக்கிச் செல்லும்போது, பாதையின் ஓரமாக மவுசாகலை நீர்த்தேக்கம் கண்ணாடி விரித்தது போலக் கிடக்கும். யாத்திரை போகிறவர்கள் யன்னல் வழியே அதன் அழகைப் பார்த்துவிட்டு மலையை நோக்கிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் சகோதரிகளே, நாம் இன்று காணும் மஸ்கெலியா நகரம் உண்மையில் இரண்டாவது மஸ்கெலியா. முதலாவது நகரம் அந்த நீருக்குள் இருக்கிறது.

களனி கங்கைக்கு மலையில் இரண்டு மூலக் கிளைகள் உண்டு. ஒன்று கெசல்கமு ஓயா. அதை மறித்துக் கட்டப்பட்டதுதான் காசல்ரி நீர்த்தேக்கம். மற்றையது மஸ்கெலி ஓயா. அதன் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரையை ஒட்டி, பழைய மஸ்கெலியா கடைவீதியும் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலுமாக இருந்தது. நீர்மின் உற்பத்திக்காக ஓயா மறிக்கப்பட்டு, 1969ஆம் ஆண்டில் மவுசாகலை அணைக்கட்டு நிறைவு பெற்றது. மக்கள் மேட்டு நிலத்துக்கு இடம்மாறினார்கள். நகரம் நீருக்குள் போயிற்று. இங்கே தேங்கும் நீர் கெனியன், லக்சபான மின்நிலையங்களுக்கு இறங்கிச் செல்கிறது. எங்கோ தொலைவில் நாம் அழுத்தும் மின்விளக்கின் ஆளியில், இந்தப் பழைய நகரத்தின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

மேற்கு மலைச் சரிவில் மே மாதத்தில் தென்மேற்குப் பருவ மழை தொடங்குவதற்கு முந்திய மாதங்கள் வரண்டவை. மழை அதிகம் பொய்த்த ஆண்டுகளில் நீர்மட்டம் வெகுவாக இறங்கிவிடும். அப்போது பழைய கோவிலின் எச்சங்களும், அதோடு விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்களும் சேற்று வெளியில் தலைகாட்டும். பத்திரிகைகளில் படங்கள் வரும். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துச் செல்வார்கள். சிலர் உடைந்த சுவரின் முன்னே நின்று கைகூப்புவதையும் நான் கண்டிருக்கிறேன்.

அப்படி நீர் இறங்கியிருந்த ஒரு மார்ச் மாதத்தில், பாடசாலை விடுமுறை நாள் ஒன்றில், மஸ்கெலியாவுக்கு அருகில் தோட்டமொன்றில் வசிக்கும் என் பள்ளித் தோழியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தொல்பொருளியலை ஒரு பாடமாகப் படித்தவள் நான். இப்போது வரலாறு கற்பிக்கிறேன். இதை அறிந்திருந்த தோழியின் மகன், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, நான் தேநீர் குடித்து முடிக்கும்வரை கூடப் பொறுக்கவில்லை. பழைய துணியில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான்.

"டீச்சர், இதக் கொஞ்சம் பாருங்க. ஆத்துப் பக்கம் கெடந்திச்சு. அடியில 1786ன்னு போட்டிருக்கு. ஒல்லாந்தர் காலத்துப் போத்தல்!"

தடித்த கண்ணாடிப் போத்தல் அது. வெளிர்நீலமும் பச்சையும் கலந்த நிறம். கழுத்தில் இரண்டு பக்கமும் விரலால் கிள்ளியது போன்ற பள்ளங்கள். வாயின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. உள்ளே மெல்லிய வண்டல் இறுகிப் போயிருந்தது. அடிப்பாகத்தில் உண்மையாகவே 1786 என்ற இலக்கங்கள் தெரிந்தன.

நகரத்தில் பழைய சாமான் வாங்குகிற ஒருவர் பத்தாயிரம் ரூபா தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். இருநூறு வருடத்துக்கு மேற்பட்டது என்றால் இன்னும் கூடத் தருவாராம். தோழியின் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். கூரைத் தகரம் மாற்ற வேண்டும். பிள்ளையின் வகுப்புக் கட்டணம் நிலுவையில் இருக்கிறது. பத்தாயிரம் ரூபா அந்த வீட்டுக்குச் சிறிய தொகையல்ல. ஆகவே அந்தக் கேள்வியை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"முதல்ல எடுத்த எடத்தக் காட்டு. பெறகு வயசப் பார்ப்போம்" என்றேன்.

கிடந்த இடம்

ஒரு பழம்பொருளைப் பற்றி அறிய விரும்பும் எவரும் முதலில் கேட்க வேண்டியது "இது என்ன?" என்பதல்ல, "இது எங்கே கிடந்தது?" என்பதே. இடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள், முகவரி கிழிந்துபோன கடிதத்தைப் போன்றது. வாசிக்கலாம், ஆனால் யார் யாருக்கு எழுதியது என்று தெரியாது.

தோழியும் நானும் மகனும் கரைக்கு இறங்கினோம். தோழியின் தாயாரும் கைத்தடியோடு எங்களுடன் வந்தார். வண்டல் வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவே மஸ்கெலி ஓயா தன் பழைய தடத்திலேயே மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நீருக்கடியில் கிடந்தும் ஆறு தன் வழியை மறக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

இங்கு வர நினைக்கும் சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே காய்ந்தது போலத் தோன்றும் சேறு, நீரை நெருங்க நெருங்க உள்ளே இழுக்கும். ஊரவர் ஒருவர் துணையின்றி இறங்கக் கூடாது. பிள்ளைகளின் கையை விடவும் கூடாது. நீர்த்தேக்கம் அரசுக்குரிய இடம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணால் பார்க்கலாம், மண்ணைத் தோண்டக் கூடாது.

மகன் காட்டிய இடம், உடைந்த கல் அத்திவாரமொன்றின் அருகில் வண்டல் வெடிப்புக்குள் இருந்தது. சுற்றிலும் செங்கல் துண்டுகள், ஓட்டுச் சில்லுகள், பூப்போட்ட பீங்கானின் உடைசல்கள். ஒரு வீடோ கடையோ அங்கே இருந்திருக்க வேண்டும். போத்தலுக்குள் வண்டல் இறுகியிருந்ததால், அது நேற்றோ முந்தாநாளோ வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எறிந்துவிட்டுப் போனதல்ல என்பது மட்டும் தெளிவாயிற்று. நீர் வற்றும் ஒவ்வொரு முறையும் ஆட்கள் வந்து போகிற இடம் இது. அங்கே கிடக்கும் எல்லாமே மூழ்கிய நகரத்தின் பொருள்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆகவே போத்தலையே கேட்க வேண்டியிருந்தது.

போத்தல் சொல்லும் சாட்சியம்

முற்றத்துக் கல்லில் அமர்ந்து, வெளிப்புறத்தை மட்டும் மெதுவாகக் கழுவினோம். சவர்க்காரமோ கம்பித் தூரிகையோ போடவில்லை. நீரிலும் மண்ணிலும் நெடுங்காலம் கிடக்கும் கண்ணாடியின் மேற்பரப்பு உரிந்து, எண்ணெய் படிந்த நீர் போல வானவில் நிறம் காட்டும். அதுவும் ஒரு சாட்சியம்தான். தேய்த்து அழித்துவிடக் கூடாது.

முதலாவது, நிறம். கண்ணாடி செய்யும் மணலில் இயல்பாகவே கலந்துள்ள இரும்பு, கண்ணாடிக்கு இந்த வெளிர் நீலப் பச்சையைக் கொடுக்கிறது. மலிவான போத்தல்களில் இந்த நிறத்தை நீக்க யாரும் மெனக்கெடுவதில்லை. நிறத்தைப் போக்க மங்கனீசு சேர்த்த சில பழைய கண்ணாடிகள் வெயிலில் கிடந்து கிடந்து ஊதாவாக மாறுவதும் உண்டு. ஆனால் நிறத்தை மட்டும் வைத்து ஆண்டு சொல்ல முடியாது.

இரண்டாவது, அச்சுக்கோடு. போத்தலை வார்க்கும் அச்சு இரண்டு பாதிகளாக இருக்கும். அவை சேரும் இடத்தில் கண்ணாடியில் ஒரு மெல்லிய கோடு விழும். அதை நகத்தால் தடவிக்கொண்டு மேலே போங்கள். கோடு கழுத்தோடு நின்றுவிட்டால், வாயைத் தொழிலாளி ஒருவர் பின்னர் கையால் செய்து முடித்திருக்கிறார் என்று பொருள். கோடு வாய் விளிம்பின் மேலேயும் ஏறி ஓடினால், அது முழுவதும் இயந்திரத்தில் செய்யப்பட்டது. போத்தலை முழுமையாகத் தானே செய்யும் இயந்திரத்தை அமெரிக்காவில் மைக்கல் ஓவன்ஸ் 1903ஆம் ஆண்டளவில் வெற்றிகரமாக இயக்கினார். அதன் பின்னரே அவ்வகைப் போத்தல்கள் உலகெங்கும் பரவின. எமது போத்தலில் கோடு வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டது.

மூன்றாவது, அடைக்கும் முறை. போத்தலின் வயதைச் சொல்வதில் மூடியைப் போல நம்பத்தகுந்த சாட்சி குறைவு. ஆரம்பத்தில் சோடாப் போத்தல்களைத் தக்கையால் அடைத்து, கம்பியால் கட்டினார்கள். தக்கை காய்ந்து சுருங்கினால் வாயு போய்விடும் என்பதற்காக, நிமிர்த்தி வைக்கவே முடியாத, அடி கூம்பிய முட்டை வடிவப் போத்தல்களைக் கூடச் செய்தார்கள். படுக்க வைத்தால் தக்கை எப்போதும் நனைந்தே இருக்கும் அல்லவா?

இந்தத் தொல்லையை நீக்க இங்கிலாந்தில் ஹைரம் கொட் என்பவர் ஒரு வழி கண்டார். 1872ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற போத்தலின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது. வாயின் உட்பக்கத்தில் ஓர் இறப்பர் வளையம். போத்தலைத் தலைகீழாகப் பிடித்துச் சோடாவை நிரப்புவார்கள். நிமிர்த்தும்போது உள்ளிருக்கும் வாயு குண்டை மேலே தள்ளி வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். குடிக்க வேண்டுமென்றால் ஒரு கட்டையால் குண்டை உள்ளே தள்ள வேண்டும். ஊற்றும்போது குண்டு மீண்டும் வந்து வாயை அடைத்துவிடாமல் தடுத்து நிறுத்தவே கழுத்தில் அந்தக் கிள்ளுப் பள்ளங்கள்.

தமிழ்நாட்டில் கோலி சோடா என்று இன்றும் விற்கப்படுவது இந்த வகைப் போத்தலில்தான். கிள்ளிய கழுத்தும், உடைந்த வாயின் உட்புறத்தில் இறப்பர் வளையம் பொருந்தும் காடியும் எமது போத்தலில் தெளிவாகத் தெரிந்தன. குண்டுதான் இல்லை.

எனவே முடிவு எளிதாயிற்று. 1872இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பொருளை 1786இல் எவராலும் செய்திருக்க முடியாது. அடியில் உள்ள இலக்கங்கள் ஆண்டைக் குறிப்பவையல்ல. அச்சுகளையும் மாதிரிகளையும் அடையாளம் காணத் தொழிற்சாலைகள் இவ்வாறு எண்கள் இடுவதுண்டு. பழம்பொருள்களின் அடியில் நான்கு இலக்கங்களைக் கண்டவுடன் ஆண்டு என்று நம்பி ஏமாறுகிறவர்களும், நம்பவைத்து ஏமாற்றுகிறவர்களும் நிறையவே உண்டு.

போத்தலின் பக்கத்தில் தேய்ந்துபோன ஆங்கிலப் புடைப்பெழுத்துகள் இருந்தன. கடைசி மூன்று எழுத்துகளை மட்டுமே வாசிக்க முடிந்தது. கண்டி நகரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் முடிகிற எழுத்துகள் அவை. கண்டியில் நிரப்பப்பட்ட சோடாவாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஊகம் என்று சொல்லியே ஊகிக்க வேண்டும். புகையிரதம் கண்டிக்கு 1867இலும், நாவலப்பிட்டிக்கு 1874இலும், ஹட்டனுக்கு 1884இலும் வந்து சேர்ந்தது. அதன் பிறகு கண்டியிலிருந்து கனமான கண்ணாடிப் போத்தல்களை இந்த மலைக்கு அனுப்புவது இலகுவாகியிருக்கும்.

நான் இவற்றை ஒவ்வொன்றாக விளக்க, மகனின் முகம் வாடிக்கொண்டே போயிற்று. "அப்ப இது பழசே இல்லியா டீச்சர்?" என்றான்.

ஒரு சோடா, இரண்டு பேர்

இதுவரை பேசாமல் இருந்த தோழியின் தாயார் கையை நீட்டிப் போத்தலை வாங்கினார். எழுபதைத் தாண்டியவர், நாற்பது வருடங்கள் கொழுந்து பறித்த விரல்கள். கழுத்துப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தார். விரல் அங்கே அளவெடுத்தது போலப் பொருந்தியது.

"இது குண்டு சோடாப் போத்தல்டா" என்றார் பேரனிடம். "டவுன்ல கடையில இருந்திச்சு. திருவிழாவுக்குக் கீழ கோயிலுக்கு எறங்குவோம். எனக்கும் எங்க அக்காவுக்கும் சேத்து ஒரு சோடா வாங்கிக் குடுப்பாரு எங்கப்பா. தொறக்குறப்போ 'டப்'புன்னு ஒரு சத்தம் வரும் பாரு, நாங்க ரெண்டு பேரும் காதப் பொத்திக்குவோம்."

"குண்டு எங்க அம்மாயி?" என்று கேட்டான் பேரன்.

"குண்டுக்காகத்தான் போத்தல ஒடைக்கிறது! கடக்காரருக்குத் தெரிஞ்சா தொலைஞ்சோம். வெறும் போத்தலத் திருப்பிக் குடுக்கணும்ல. சோடாவ விடப் போத்தல்தான் வெல."

அவர் சொன்னது முற்றிலும் சரி. போத்தல்களில் நிறுவனத்தின் பெயரையும் ஊரையும் பொறித்ததே, அவை மீண்டும் தம்மிடம் வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான். ஒரே போத்தல் பல வருடங்கள் திரும்பத் திரும்ப நிரப்பப்பட்டது. ஆகவே போத்தல் செய்யப்பட்ட ஆண்டு வேறு. அது மண்ணில் விழுந்த ஆண்டு வேறு. முதலாவதைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்ல, அதைக் கையில் பிடித்த ஒருவர் வேண்டும்.

"எந்த வருஷம் வரைக்கும் இந்தச் சோடா கெடச்சிச்சு அம்மா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "தண்ணி கட்டுறப்போ எனக்குப் பதினாறு வயசு. அதுக்கு முந்தியே மூடி போட்ட சோடா வந்திரிச்சு. ஆனா பழைய போத்தலும் கடையில கெடந்திச்சு புள்ள."

மூடி போட்ட சோடா என்று அவர் சொன்னது, பற்கள் போல் விளிம்பு மடிந்த தகர மூடியை. அமெரிக்கரான வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்ற மூடி அது. படிப்படியாகக் குண்டுச் சோடாவின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. ஆக, நாம் கண்ட போத்தல் 1872க்கு முந்தியதல்ல. கையால் முடிக்கப்பட்ட வாயும், பொறித்த பெயரும், அம்மாவின் நினைவும் சேர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில் செய்யப்பட்டு, நகரம் மூழ்குவதற்கு முன்னரே ஏதோ ஒரு கடையின் ஓரத்தில் உடைந்து விழுந்தது என்று சொல்ல இடம் தருகின்றன. அதற்கு மேல் இறுக்கிப் பிடித்து ஓர் ஆண்டைச் சொன்னால் அது உண்மையாகாது.

"ஒங்க அக்கா இப்ப எங்க இருக்காங்க?" என்றேன்.

"இந்தியாவுல. எழுபத்திரெண்டுல போனாங்க. நீலகிரிப் பக்கம். ஹட்டன்ல கோச்சி ஏத்தி விட்டது. பெறகு பாக்கல."

அவ்வளவுதான் சொன்னார். போத்தலைத் திருப்பிக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த ஆண்டுகளை வரலாற்றுப் பாடத்தில் நான் எத்தனையோ தடவை கற்பித்திருக்கிறேன். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று கணக்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பதென ஒத்திவைத்தது. இந்த எண்களுக்குள் ஒரே சோடாவைப் பகிர்ந்து குடித்த அக்காவும் தங்கையும் இருந்தார்கள் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை. ஊர் நீருக்குள் போன அதே காலத்தில்தான் ஊரவர்களில் ஒரு பகுதியினர் கடலைக் கடந்து போனார்கள்.

சட்டம் போட்ட கோடு

"1786ஆ இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும் டீச்சர்?" என்று கேட்டான் மகன். நல்ல கேள்வி.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லைக் கோடாக வைத்திருக்கிறது. அந்தத் திகதிக்கு முற்பட்ட பொருள் தொல்பொருள். மண்ணில் மறைந்து கிடந்த தொல்பொருள் அரசுக்குரியது. அனுமதியின்றித் தோண்டுவதும் விற்பதும் குற்றம். அப்படியான ஒன்று கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ அறிவிக்க வேண்டும். ஆகவே இந்தப் போத்தல் உண்மையில் 1786க்குரியதாக இருந்திருந்தால், பத்தாயிரம் ரூபாவுக்கு அதை விற்றவர் பெரும் சிக்கலில் மாட்டியிருப்பார். வாங்குபவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

ஆனால் சகோதரிகளே, அந்தத் திகதியைச் சற்று யோசித்துப் பாருங்கள். கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து எமது மூதாதையர் அழைத்துவரப்பட்டது 1820களில் தொடங்கியது. அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே சென்றதை நாம் அறிவோம். அப்படியானால் மலையக மக்கள் இந்த மண்ணில் பாவித்த எந்தவொரு பொருளும் சட்டத்தின் அந்தக் கோட்டுக்கு இப்பால்தான் இருக்கிறது. எம் பாட்டிகளின் கொழுந்துக் கூடை, முதல் தலைமுறை கொண்டுவந்த பித்தளைச் செம்பு, லயத்து அடுப்பங்கரையின் அம்மி, பிரட்டுக்களத்தின் தப்பு, இந்தச் சோடாப் போத்தல் எதுவுமே தானாகத் தொல்பொருள் ஆகாது. பழைய கட்டடங்களையாவது தனியே வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க வழியுண்டு. வீட்டுச் சாமான்களுக்கு யார் வர்த்தமானி வெளியிடுவார்?

எவரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. காவலுக்கு ஆளில்லாத பொருளை வீட்டுக்காரர்தான் காக்க வேண்டும் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். அது இயலாத காரியமும் அல்ல. கண்டிக்கு அருகில் ஹந்தானையில், பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் 2001ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தேயிலை அரைத்த இயந்திரங்களை அங்கே காணலாம். தேயிலை பறித்தவர்களின் வாழ்வைக் காண விரும்புபவர்கள் கம்பளைப் பகுதியில் உள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. தொழிலாளர் குடும்பங்களின் பாத்திரங்களும் கருவிகளும் ஆவணங்களும் அங்கே மதிப்போடு வைக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளை ஒரு தடவையாவது அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு துண்டுக் கடதாசி

போத்தலை என்ன செய்வது என்று அன்று மாலை அந்த வீட்டில் ஒரு சிறு ஆலோசனை நடந்தது. வயது தெரிந்த பிறகு, வாங்க வந்தவர் விலையைக் குறைத்துவிடுவார் என்பது உறுதி. பொய்யான ஆண்டைச் சொல்லி விற்கத் தோழிக்கு மனமில்லை. மகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மாயி சொன்னத எழுதி வைப்போம் டீச்சர்" என்றான். தன் அப்பியாசக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான்.

அவன் எழுதியவை இவை. கண்டெடுத்த திகதி, எடுத்தவர் பெயர். கிடந்த இடம், பக்கத்தில் இருந்த அத்திவாரத்திலிருந்து எத்தனை அடி தூரம் என்பதோடு. போத்தலின் உயரம், வாயின் அகலம், நிறம், பொறித்த எழுத்துகள். 1872க்கு முந்தியதல்ல என்பதற்கான காரணம். கடைசியாக அம்மாயி சொன்ன வார்த்தைகள், அவர் சொன்னபடியே. தொலைபேசியில் நான்கு புறமும் படம் எடுத்து, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தையும் வைத்துக்கொண்டான். அந்தத் தாளைப் போத்தலோடு சேர்த்து, அவனது பாடசாலையின் வரலாற்று மூலையில் வைப்பதாக முடிவாயிற்று. பொருளும் குறிப்பும் பிரியக் கூடாது; பிரிந்தால் அது வெறும் உடைந்த போத்தல்.

இதற்குத் தொல்பொருளியல் பட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு கடதாசி, ஒரு பேனை, கேட்கும் பொறுமை இவை போதும். எமது வீடுகளில் பெரும்பாலான பழைய பொருள்கள் பெண்களின் கைகளில் இருந்தவை. அவற்றின் கதையும் பெண்களிடமே இருக்கிறது. எந்தச் செம்பு யாருடைய சீதனம், எந்த உரல் எந்தத் தோட்டத்திலிருந்து சுமந்துவந்தது என்பதை அம்மாவும் அம்மாயியும் அப்பாயியும் மட்டுமே அறிவார்கள். அவர்கள் போன பிறகு கண்ணாடியையும் பித்தளையையும் அளந்து பார்த்து ஆண்டுகளைச் சொல்லிவிடலாம். ஒரு சோடாவை எத்தனை பேர் பகிர்ந்து குடித்தார்கள் என்று எந்த அளவுகோலும் சொல்லாது.

எமது வாசகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதம் உங்கள் வீட்டில் உள்ள ஒரே ஒரு பழைய பொருளை எடுத்து, வீட்டில் மூத்த பெண்மணியின் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் அதை எப்படிப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். பிறகு அவர் சொல்வதை, அவருடைய வார்த்தைகளிலேயே, திகதியிட்டு எழுதி வையுங்கள். மழை வந்ததும் மவுசாகலை மீண்டும் நிரம்பிவிடும். அடுத்த வரட்சியில் மறுபடி இறங்கும். மனித நினைவு அப்படியல்ல. ஒரு தடவை மூழ்கினால் மூழ்கியதுதான்.